வளைந்த வேரில் எந்தக் கம்பி எங்கே: செவ்வாய்ப்பேட்டைக் கடைவாய்ப்பல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"மூணு வாரமா இந்தப் பக்கம் மெல்லவே இல்லீங்க டாக்டரம்மா. படுத்தா துடிக்குது."

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துபவர் அவர். வயது 44. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை. கீழ்த்தாடையின் இடதுபுற முதல் கடைவாய்ப்பல்லில் வேறொரு இடத்தில் வேர் சிகிச்சை தொடங்கி, தற்காலிக அடைப்போடு நிறுத்தியிருந்தார்கள். "கால்வாய் அடைச்சுக்கிச்சு, பல்லை எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க. எடுக்காம ஏதாச்சும் வழி இருக்குங்களா?" என்று கேட்டார்.

அவருடைய ஒப்புதலோடு, அடையாளங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன். கூட்டங்களில் இளம் மருத்துவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "வளைஞ்ச கேனாலுக்கு எந்த ஃபைல் மேடம் பெஸ்ட்?" என்பதுதான். ஃபைல் என்பது வேர்க் கால்வாயைத் துருவிச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு கம்பியின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது என்பதை இந்தப் பல் மிகத் தெளிவாகக் காட்டியது. ஒரே பல்லின் மூன்று கால்வாய்களுக்குள் மூன்று விதமான கருவிகள் தேவைப்பட்டன. அதிலும் மிக வளைந்த கால்வாயில், மேலிருந்து கீழே இறங்க இறங்கக் கருவியை மாற்ற வேண்டியிருந்தது.

பரிசோதனையும் படங்களும்

பல்லைத் தட்டினால் வலித்தது. குளிர்ச்சிக்கு உணர்வு இல்லை. ஈறு இடுக்கின் ஆழம் சுற்றிலும் 3 மி.மீ.க்குள். வீக்கம் இல்லை, ஆட்டம் இல்லை. ஆர்விஜி என்னும் டிஜிட்டல் பல் எக்ஸ்ரே படத்தில் முன்புற வேரின் நுனியைச் சுற்றிச் சிறிய கரும்நிழல். பின்புற வேர் ஏறக்குறைய நேர். முன்புற வேர் பாதிக்கு மேல் நேராக வந்து, கடைசி 5 மி.மீ.ல் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

ஷ்னைடர் என்ற ஆய்வாளர் 1971-ல் சொன்ன முறைப்படி வளைவை அளந்தேன். கால்வாயின் வாயிலிருந்து அதன் போக்கிலேயே ஒரு கோடு. கால்வாய் அந்தக் கோட்டை விட்டு விலகத் தொடங்கும் புள்ளியிலிருந்து வேர் நுனிக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 36 டிகிரி. 25 டிகிரிக்கு மேற்பட்டதைக் கடும் வளைவு என்று ஷ்னைடர் வகைப்படுத்தினார்.

கோணத்தோடு நின்றுவிட்டால் பாதி உண்மைதான் கைக்கு வரும். ஏற்காட்டு மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவரைக் கேட்டால் சொல்வார். சாலை மொத்தத்தில் எவ்வளவு திரும்புகிறது என்பதற்காக அவர் பிரேக்கில் கால் வைப்பதில்லை. எவ்வளவு சிறிய இடத்துக்குள் திரும்புகிறது என்பதற்காகத்தான் வைக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் பயமுறுத்துவது அதனால்தான். வேருக்குள்ளும் அப்படியே. ப்ரூயெட்டும் உடன் ஆய்வாளர்களும் 1997-ல் வளைவின் ஆரத்தைத் தனியாகக் கணக்கில் எடுத்துக் காட்டினார்கள். கோணம் ஒன்றாகவே இருந்தாலும் ஆரம் குறைந்தால், சுழலும் கம்பி குறைந்த சுற்றுகளிலேயே முறிந்தது. எங்கள் நோயாளியின் வேரில் ஆரம் சுமார் 4 மி.மீ. என்று கணித்தேன். அது இறுக்கமான திருப்பம்.

எக்ஸ்ரே பக்கவாட்டிலிருந்து மட்டும் பார்க்கும். கன்னப்பக்கம், நாக்குப்பக்கம் என்ற திசையில் உள்ள வளைவு அதில் தெரியாது. அதனால் சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தோம். முன்புற வேரின் கன்னப்பக்கக் கால்வாய் பின்னால் திரும்பும்போதே நாக்குப்பக்கமாகவும் சாய்கிறது என்பது அதில் தெரிந்தது. அந்த ஒரு தகவல் பிறகு பல்லையே காப்பாற்றியது.

கம்பிகளை எடை போட்டது

முதலில் பழைய நண்பன், துருப்பிடிக்காத எஃகில் செய்த, கையால் இயக்கும் கே ஃபைல். நம் வீட்டு எவர்சில்வர் இனம்தான். வெட்டும் பகுதி 16 மி.மீ. நீளம், ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.02 மி.மீ. பருமன் கூடும். ஊதாக் கைப்பிடி போட்ட 10-ம் எண்ணின் நுனி 0.10 மி.மீ.; மஞ்சள் கைப்பிடி போட்ட 20-ன் நுனி 0.20 மி.மீ. உருண்டைக் கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். ஃபைல் முழு உருண்டை அல்ல என்றாலும் கணக்கின் போக்கு அதுதான். நுனியில் விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு. 5 மி.மீ. மேலே 0.20, 0.30 என்று வரும்போதும் ஐந்து மடங்கு. 10-ம் எண் வளைவுக்குப் பணிந்து போகும். 25-க்கு வந்துவிட்டால் அது கால்வாயைப் பின்பற்றாது, கால்வாயை நேராக்கப் பார்க்கும். நுனியில் வெளிச்சுவரைச் செதுக்கும், நடுவில் உட்சுவரைச் செதுக்கும். வளைவின் தொடக்கத்தில் முட்டி முட்டி ஒரு படியை உண்டாக்கும். அதைத்தான் லெட்ஜ் என்கிறோம். எங்கள் நோயாளியின் கால்வாய் 'அடைத்துக்கொண்டது' என்று சொன்னது அந்தப் படியைத்தான்.

ஆனால் எஃகுக்கு ஒரு குணம் உண்டு. விரலால் வளைத்துக் கொடுத்தால் அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். படியைத் தாண்ட வேண்டிய நேரத்தில் அந்தக் குணத்துக்கு ஈடாக எந்த மோட்டார் கருவியையும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது நிக்கல் டைட்டானியம். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் பிறந்த உலோகக் கலவை. நிட்டினால் என்ற பெயரின் பின்பாதி அந்த ஆய்வகத்தின் முதலெழுத்துகள்தாம். பல் சீரமைப்புக்குப் பயன்பட்ட நிட்டினால் கம்பியைக் கடைந்து வேர் ஃபைல் செய்யலாம் என்று வாலியாவும் உடன் இருந்தவர்களும் 1988-ல் எழுதினார்கள். எஃகு ஒரு சதவீதத்துக்கும் குறைவான நீட்சியைத் தாண்டினாலே திரும்பிவராது. இந்தக் கலவை சுமார் 8 சதவீதம் வரை நீண்டாலும் பழைய உருவுக்கு மீளும். அதனால்தான் இதை மோட்டாரில் மாட்டி வளைவுக்குள் சுழற்ற முடிகிறது.

மீளும் என்பதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. வளைத்து அனுப்ப முடியாது, விட்டதும் நேராகிவிடும். படி இருக்கும் கால்வாயில் அது நேராகப் படிக்கே போகும். சுழலும்போது வளைவில் இருக்கும் அதே இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நீளும், ஒருமுறை சுருங்கும். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு ஐந்து. வளைவில் பத்து நொடி நிறுத்தி வைத்தால் ஐம்பது முறை மடக்கி நிமிர்த்தியதாகிறது.

இந்தப் பல்லுக்காகக் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். வளைவின் நடுப்பகுதி நுனியிலிருந்து 3 மி.மீ. மேலே. நுனி 0.25, சரிவு 8 சதவீதம் (ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.08 மி.மீ. பருமன் கூடுவது) உள்ள கம்பிக்கு அங்கே விட்டம் 0.49 மி.மீ. ஆரம் 4 மி.மீ. என்றால் கம்பியின் வெளிவிளிம்பு சுமார் 6 சதவீதம் நீள்கிறது. அதே நுனியில் சரிவு 4 சதவீதமாக இருந்தால் விட்டம் 0.37, நீட்சி 4.6 சதவீதம். இரண்டுமே உடனே முறியாது. ஆனால் சுற்றுக்குச் சுற்று சேரும் களைப்பில் இந்த வித்தியாசம் பெரிது. 8 சதவீதச் சரிவுள்ள கம்பியை இந்தக் கால்வாய்க்கு வேண்டாம் என்று ஒதுக்கியது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இந்தப் பாடத்தை நான் ஒரு பல்லைக் கொடுத்துக் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், மோட்டாரில் சுழலும் சாதாரண நிக்கல் டைட்டானியம் ஃபைல் (ரோட்டரி ஃபைல்) ஒன்றை மூன்று பற்களுக்குப் பயன்படுத்தி, கண்ணாடியில் பார்த்துக் 'கெடவில்லை' என்று முடிவு செய்து நான்காவது பல்லிலும் இறக்கினேன். நுனி 3 மி.மீ. முறிந்து வளைவிலேயே தங்கிவிட்டது. முறுக்கினால் கெடும் கம்பி முன்கூட்டியே முறுக்கவிழ்ந்து காட்டும். மடங்கி மடங்கிக் களைக்கும் கம்பி எதையும் காட்டாமல் முறியும். அன்றே நோயாளியிடம் படத்தைக் காட்டிச் சொன்னேன். சொல்லும்போது நாக்கு உலர்ந்தது. இன்றுவரை வளைந்த கால்வாயில் போன கம்பியை நான் இரண்டாவது பல்லுக்கு எடுப்பதில்லை.

மூன்றாவது, முன்னும் பின்னும் ஆடும் கருவிகள். முழுச் சுழற்சிக்குப் பதில் ஒரு பக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவுமாகத் திரும்புபவை. யாரெட் என்ற மருத்துவர் 2008-ல் ஒரே ஃபைலை இப்படி ஆட்டிக் கால்வாயைத் தயார் செய்வதை எழுதினார். பின்னர் வந்த ரெசிப்ராக் என்ற கருவி ஒரு பக்கம் 150 டிகிரி, மறுபக்கம் 30 டிகிரி. வேவ்ஒன் 170, 50. இரண்டிலும் மூன்று ஆட்டத்துக்கு ஒரு முழுச் சுற்று. கம்பி பல்லில் திருகு போல இறுகிக்கொள்வதற்கு முன்பே திரும்பிவிடுவதால் களைப்பும் குறைகிறது, முறுக்கும் குறைகிறது. வேகமான, நம்பகமான கருவி. அகலமும் ஓரளவு நேரான போக்கும் உள்ள கால்வாய்க்கு இதைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் நான் வைத்திருப்பதன் நுனிப்பகுதிச் சரிவு 8 சதவீதம்.

கடைசியாக, வெப்பத்தால் பதப்படுத்திய நிக்கல் டைட்டானியம். எம் ஒயரில் தொடங்கி ஹைஃப்ளெக்ஸ் சிஎம், புரோடேப்பர் கோல்ட் என்று வந்த வரிசை. இதை விளக்கப் பயிற்சிக்கு வைத்திருந்த புது ஃபைல் ஒன்றை நோயாளியின் கையில் கொடுத்தேன். வளைத்துப் பார்த்தார். நிமிரவில்லை. உடனே, "இது சுட்ட கம்பிங்களா?" என்றார்.

வெள்ளிக் கம்பியை ஓட்டைத் தகட்டில் இழுக்க இழுக்க அது விறைத்துப்போகுமாம். இடையிடையே நெருப்பில் காட்டி இளக்காவிட்டால் அறுந்துவிடும். "இளக்குன கம்பி சொன்னபடி கேக்கும். ஆனா இழுத்துப் புடிச்சா நீண்டுடும்" என்றார். நான் முதுகலையில் படித்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். உள்ளே நடப்பது வேறுதான். வெள்ளி இளகுவது அதன் படிகங்கள் புதிதாய் அமைவதால். இந்தக் கலவைக்கோ இரண்டு படிக வடிவங்கள் உண்டு. ஆஸ்டினைட் நிலையில் துள்ளி நிமிரும், மார்ட்டன்சைட் நிலையில் மசிந்து கிடக்கும். எந்த வெப்பநிலையில் ஒன்று மற்றொன்றாக மாறும் என்பதைப் பதப்படுத்துதல் நகர்த்துகிறது. ஆனால் கையில் உணரும் பலன் அவர் சொன்னதுதான். வளைவில் நெடுநேரம் தாங்கும், சுவரை நிமிர்த்தப் போராடாது, கொஞ்சம் வளைத்தும் அனுப்பலாம். அழுத்தினால் முறுக்கவிழும். அதனால் குறுகிய கால்வாயில் இதற்கு முன்னால் வழி திறந்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கம்பிகளின் ஆயுளைப் பற்றிய பல சோதனைகள் அறை வெப்பத்தில் நடந்தவை. பல்லுக்குள் வெப்பம் சுமார் 35 டிகிரி. அந்தச் சூட்டில் நிக்கல் டைட்டானியம் ஆஸ்டினைட் பக்கம் சாய்கிறது, களைப்பு சீக்கிரம் வருகிறது. விளம்பரத் தாளில் இருக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையை அப்படியே நம்பி மோட்டாரை வளைவில் நிறுத்தக் கூடாது.

முதல் வருகை

மரக்கச் செய்து, எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் டேம் போட்டு, பழைய அடைப்பை எடுத்தேன். உள்ளே பார்த்ததும் படி ஏன் விழுந்தது என்று புரிந்தது. பல்லின் முன்பக்கச் சுவரில் ஒரு திண்ணை போலப் பல்திசு அப்படியே நின்றிருந்தது. அதன்மேல் ஏறி இறங்கும் ஃபைல், வாயிலேயே ஒருமுறை வளைந்துவிடுகிறது. கீழே உண்மையான வளைவுக்கு வரும்போது அதனிடம் இளக்கம் மிச்சமில்லை. அல்ட்ராசோனிக் முனையால் அந்தத் திண்ணையைத் துருவி எடுத்தேன். கால்வாயின் வாயை முன்பக்கமாக மட்டும் அகலப்படுத்தினேன். பின்பக்கம், அதாவது இரண்டு வேர்களும் பிரியும் பக்கம், சுவர் மெல்லியது. அங்கே ஒரு மி.மீ.க்கும் குறைவாக இருப்பது சகஜம். கொஞ்சம் ஆசைப்பட்டாலும் ஓட்டை விழும்.

நாக்குப்பக்கக் கால்வாயில் 10-ம் எண் தடையின்றி இறங்கியது. கன்னப்பக்கத்தில் 15.5 மி.மீ.ல் டக்கென்று நின்றது. படத்தின்படி இன்னும் 5 மி.மீ. போக வேண்டும்.

8-ம் எண் கே ஃபைலை எடுத்து, கடைசி 2 மி.மீ.யைப் பஞ்சு இடுக்கியால் 45 டிகிரி அளவுக்கு மடக்கினேன். ஃபைலில் கோத்திருக்கும் ரப்பர் தடுப்பானின் கூர்முனையை அந்த மடிப்பின் திசைக்குத் திருப்பி வைத்தேன். உள்ளே போன பிறகு நுனி எங்கே பார்க்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்வது அந்தக் கூர்முனை ஒன்றுதான். கால்வாயில் கிருமிகளைக் கொல்லும் 3 சதவீத ஹைப்போகுளோரைட். பின்பக்கம் நோக்கி இறக்கி, லேசாகக் குத்தி, எடுத்து, மீண்டும் குத்தி. கால் மணி நேரம் கல்லில் முட்டியது போலவே இருந்தது.

பிறகு சிபிசிடி படத்தை மறுபடி திரையில் திருப்பிப் பார்த்தேன். தடுப்பானின் கூர்முனையை நேர் பின்னாலிருந்து நாக்குப்பக்கமாகச் சற்றே திருப்பினேன். மூன்றாவது குத்தில் ஃபைல் ஒட்டியது. ஈரமான சோப்பில் ஊசி இறங்கினால் பிடிக்குமே, அந்தப் பிடிப்பு. கல்லில் முட்டும்போது விரலுக்குக் கிடைக்கும் வெறுமை அதில் இல்லை. அந்தக் கணத்தில் ஃபைலை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் வழி மறுபடி தொலையும். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பியபடி இறக்கினேன். வேர் நுனியைக் கண்டறியும் கருவியான அபெக்ஸ் லொக்கேட்டரின் முள் நகர்ந்து நுனியைக் காட்டியது. நீளம் 20.5 மி.மீ. என் உதவியாளர் அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அவர் பெருமூச்சு விட்டபோதுதான் தெரிந்தது.

அங்கேயே ஒரு மி.மீ. மேலும் கீழுமாக, ஃபைல் தளரும் வரை. பிறகு 10, பிறகு 15. இரண்டையும் அதே திசையில் வளைத்து, படியின் விளிம்பைத் தேய்த்து மழுக்கினேன். இந்த வேலைக்கே அந்த நாள் போய்விட்டது. கிருமிநீக்கும் மருந்தாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடி அனுப்பினேன்.

இரண்டாம் வருகை

ஒரு வாரத்தில் தட்டினால் இருந்த வலி குறைந்திருந்தது. 10-ம் எண்ணைக் கையால் இறக்கி வழி திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டேன். கன்னப்பக்கக் கால்வாய்க்குப் பதப்படுத்திய ரோட்டரி ஃபைல், சரிவு 4 சதவீதம். முதலில் 20, பிறகு 25. மோட்டாரை ஓடவிட்டபடி உள்ளே விடவில்லை. நுனியை லேசாக வளைத்து, கையால் படியைத் தாண்டி உட்காரவைத்து, அதன் பிறகே மிதியை அழுத்தினேன். மூன்று நான்கு மெல்லிய தொடுதல்கள், வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தல், கழுவுதல், 10-ம் எண்ணால் மறுபடி வழியைச் சரிபார்த்தல். வளைவில் ஓரிரு நொடிக்கு மேல் எங்கும் நிற்கவில்லை.

நாக்குப்பக்கக் கால்வாயின் வளைவு மெதுவானது. அதே இனத்தில் 6 சதவீதச் சரிவு தாராளமாகப் போதுமானது. பின்புற வேரின் அகன்ற நேர்க் கால்வாயில், முன்னும் பின்னும் ஆடும் 25-ம் எண் கருவியால் ஆரம்பித்து, கையால் 40 வரை கொண்டுபோனேன். அங்கே அது சில நிமிட வேலை.

பக்கவாட்டில் துளையுள்ள 30 கேஜ் ஊசியை நுனிக்கு 2 மி.மீ. முன்பாக நிறுத்தி ஹைப்போகுளோரைட், பிறகு சுவரில் படிந்த துருவல் படலத்தைக் கரைக்கும் 17 சதவீத ஈடிடிஏ ஒரு நிமிடம், மறுபடி ஹைப்போகுளோரைட். கன்னப்பக்கக் கால்வாயை 25-ல் நிறுத்தலாமா, 30-க்குப் போகலாமா என்று அங்கே நிறைய யோசித்தேன். நுனி அகலமானால் மருந்து நன்றாகப் போகும். ஆனால் 4 மி.மீ. ஆரத்தில் ஒவ்வொரு எண்ணும் கால்வாயை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தும், மழுக்கிய படியை மறுபடி கூர்மையாக்கும். 25-ல் நிறுத்திவிட்டு, கழுவும் நேரத்தைக் கூட்டி, அல்ட்ராசோனிக்கால் மருந்தை அசைத்தேன். இன்னொரு மருத்துவர் 30-க்குப் போயிருக்கலாம். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

ரப்பர் போன்ற நிரப்பியான கட்டாபெர்ச்சாவும் இடுக்குகளை அடைக்கும் எபாக்சி சீலரும் வைத்து அடைத்த பின் எடுத்த படத்தில் கோணத்தை மறுபடி அளந்தேன். 33 டிகிரி. மூன்று டிகிரி நிமிர்ந்திருக்கிறது. அதில் எவ்வளவு முதல் சிகிச்சையில் போனது, எவ்வளவு என் கையால் போனது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பயன்படுத்திய ஃபைல்கள் எல்லாவற்றையும் அன்றே கழித்தேன். அவற்றில் 25-ம் எண்ணின் நுனிக்கு அருகே இரண்டு முறுக்குகள் நன்றாகத் தளர்ந்திருந்தன. லென்ஸில் அதைப் பார்த்தபோது, இன்னும் இரண்டு தொடுதல் கூடுதலாகப் போயிருந்தால் என்று நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது.

பின்தொடர்வு

இரண்டு வாரத்தில் கேப் போட்டோம். ஆறு மாதத்தில் வேர் நுனியின் நிழல் பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தது. பன்னிரண்டு மாதத்தில் பல்லைச் சுற்றியுள்ள மெல்லிய கருங்கோடு ஏறக்குறைய முழுவதுமாகத் தொடர்ந்து தெரிந்தது. ஒரு சிறு இடத்தில் மட்டும் இன்னும் சற்று அகலமாக இருக்கிறது. தட்டினால் வலி இல்லை. இடது பக்கம் தட்டுவடை செட்டே கடிக்கிறார், நான் வேண்டாம் என்று சொல்லியும். அந்த அகலமான இடத்துக்காக அடுத்த படத்தை இரண்டாம் ஆண்டு முடிவில் எடுக்கத் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறேன்.